தந்திக் கம்பியும் ஒரு துளி இரத்தமும்

தில்லியில் காஷ்மீர் வாயிலுக்குச் செல்லும் லோதியன் சாலையில், பழைய ஆயுதச்சாலையின் சிதைந்த வாயிலுக்கு அண்மையில் கருங்கல் தூண் ஒன்று நிற்பதை உங்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். பேருந்து நிலையத்திற்கு விரைவோர் அதனை நின்று படிப்பதில்லை. 1857 மே 11ஆம் நாள் நகரில் கிளர்ச்சி மூண்ட பொழுது, அம்பாலாவுக்குத் தந்தி அடித்துச் செய்தி அறிவித்த ஊழியர்களின் நினைவாக 1902இல் எழுப்பப்பட்ட தூண் அது. பஞ்சாப் தங்கள் கையை விட்டுப் போகாமற் காத்தது அந்தச் செய்தியே என்று ஆங்கிலேயர் பெருமை பேசி வந்தனர்.

அம்பாலாவிலிருந்து சிம்லாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அச்செய்தியைக் கேட்டுத் தளபதி ஆன்சன் மலையிறங்கிப் படையுடன் தில்லியை நோக்கிப் புறப்பட்டார். ஆனால் தில்லியை அவர் காணவில்லை. மே 27ஆம் நாள் கர்நாலில் காலராவால் மாண்டார். அவருக்குப் பின் படை நடத்தி வந்த பார்னார்டும் ஜூலை 5ஆம் நாள், தில்லியின் வடக்கு முகட்டில், அதே நோய்க்கு இரையானார்.

இந்நாட்டில் தந்திக் கம்பியை நாட்டியவர் வில்லியம் புரூக் ஓஷாக்னெசி என்னும் ஐரிஷ்காரர். காலரா நோயாளியின் இரத்தத்தில் நேர்வது யாது என்பதைக் கண்டு சொன்னவரும் அவரே. செய்தி வந்து சேர்ந்தது. செய்தி பெற்றவரைக் காக்கக்கூடிய அறிவு, அதே மனிதர் கண்ட அறிவு, கால் நூற்றாண்டாக ஏட்டிலே உறங்கிக் கிடந்தது.

1831இல் காலரா இங்கிலாந்தின் சண்டர்லாந்துத் துறைமுகத்தை அடைந்தது. எடின்பரோவில் பட்டம் பெற்ற ஓஷாக்னெசிக்கு அப்பொழுது வயது இருபதுக்குச் சற்றே மேல். இலண்டனில் மருத்துவத் தொழில் நடத்த உரிமை கிட்டாமையால் இரசாயனப் பரிசோதனை செய்து பிழைத்து வந்தார். அவர் அவ்வூருக்குச் சென்று நோயாளிகளைக் கண்டார். கீல் போலக் கறுத்துத் தடித்திருந்த அவர்களுடைய இரத்தத்தைப் பகுத்தாராய்ந்தார். இரத்தத்தில் நீரின் பெரும்பகுதி குறைந்திருந்தது, உப்புகள் குறைந்திருந்தன, காரமும் குன்றியிருந்தது. சிறுநீர் அறவே நின்றுபோனவர்களின் இரத்தத்தில் யூரியா சேர்ந்திருந்தது. கழிவதற்கு வழியின்றி இரத்தத்திலே தங்கிவிட்ட அப்பொருள், சிறுநீரகம் செயலிழந்தமைக்குச் சான்றாகும். குடல் நோய் பிற உறுப்புகளைத் தாக்குவதை இரத்தத்தின் வாயிலாக அறியும் இன்றைய கலைக்கு இதனையே தொடக்கம் எனலாம்.

அக்காலத்து மருத்துவரோ காலரா கண்டவரின் நரம்பைக் கீறி இருக்கிற இரத்தத்தையும் வடித்துக்கொண்டிருந்தனர். நம் ஊர்ப்புறங்களிலும் வாந்திபேதி கண்டவர் நா வறண்டு கெஞ்சினாலும் தண்ணீர் தரலாகாது என்று தடுத்த பெரியவர்கள் இருந்தார்கள். என் பாட்டியார் இதனை ஒரு நியதியாகவே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1832இல் லீத் நகரத்து மருத்துவர் தாமஸ் லாட்டா, இக்கண்டுபிடிப்பைக் கொண்டு நோயாளியின் நரம்பில் உப்பு நீரைச் செலுத்தினார். முதலில் அதனைப் பெற்றவள் ஒரு முதியவள். மூச்சு அடங்கும் நிலையிலிருந்தவள் கண் திறந்து பேசினாள், முகம் தெளிந்தது. அவளைப் பிறர் பொறுப்பில் விட்டு லாட்டா சென்றார். பேதி மீண்டும் கண்டது. மறுமுறை நீர் ஏற்றுவாரில்லை. சில மணி நேரத்தில் அவள் இறந்தாள். எவ்வளவு நீர் போயிற்று, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று அளப்பதற்குக் கருவி இன்மையே இங்கு குறை என்பது என் துணிபு. மறு ஆண்டில் லாட்டாவும் மறைந்தார், அம்முறையும் மறக்கப்பட்டது.

ஓஷாக்னெசி 1833இல் கம்பெனியின் மருத்துவராகக் கல்கத்தாவுக்கு வந்தார். காலராவின் தாய்நிலத்திற்கே வந்தவர், அவ்வாராய்ச்சியைத் தொடரவில்லை. மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் போதித்தார். கஞ்சாவின் மருத்துவக் குணங்களை ஆராய்ந்தார். பின்னர் தந்தி இலாகாவின் தலைமையை ஏற்றார். 1855க்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகியவை கம்பியால் இணைந்தன. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை; அரசாங்கத்திற்கு வேண்டியிருந்தது கம்பி. ‘தந்தி வந்தது’ என்றாலே வயிறு கலங்கிய தலைமுறையைச் சேர்ந்த நமக்கு, அதைக் கொணர்ந்தவர் காலரா மருத்துவர் என்பது விந்தையாகத்தான் இருக்கிறது. அத்தந்தியும் 2013 ஜூலையில் நின்றுவிட்டது.

கல்கத்தாவில் விட்ட இழையை ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் எடுத்தவர் லியோனார்டு ராஜர்ஸ். கிளிசரினையும் நீரையும் வெவ்வேறு அளவிற் கலந்து, அடர்த்தி ஏறுமுகமாக வரிசைப்படுத்திய சிறு குப்பிகளை அவர் நோயாளியின் அருகில் வைத்தார். விரலிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தத்தை அவற்றுள் விட்டார். துளி மிதந்தால் இரத்தம் அக்கலவையினும் இலேசானது, அமிழ்ந்தால் கனமானது, இடையில் நின்றால் இரண்டும் ஒத்தவை. நீரின் அடர்த்தியை 1000 என்று கொண்டால், நலமுள்ளவரின் இரத்தம் 1055ஐ ஒட்டியிருக்கும். காலராவில் அது 1060ஐக் கடந்து ஏறியது. அந்த எண்ணே, ஏற்ற வேண்டிய உப்பு நீரின் அளவை அவருக்குச் சொல்லிற்று. லாட்டாவிடம் இல்லாதிருந்தது இதுதான். செறிவு மிகுந்த உப்பு நீரை இவ்வாறு அளந்து செலுத்தியதால், நூற்றுக்கு 60 அளவிலிருந்த சாவு, ஏறக்குறைய மூன்றிலொரு பங்காயிற்று.

ஆயினும் புதியதோர் இடர் தோன்றிற்று. முதல் நாளில் பிழைத்தவர்கள் சிலருக்குச் சிறுநீர் திரும்பவில்லை. மூச்சு ஆழ்ந்து, மயங்கி, சில நாட்களில் இறந்தனர். மணிலாவில் செல்லார்ட்ஸ் என்பவர், உடலின் காரம் இழக்கப்படுவதே இதற்குக் காரணமென்று காட்டிச் சோடா உப்பைச் சேர்த்தார். ராஜர்ஸும் அதனை மேற்கொண்டார். சாவு மேலும் குறைந்தது. காரம் குன்றியதும் யூரியா சேர்ந்ததும் 1831லேயே எழுதப்பட்டிருந்தன அல்லவா!

1947இல் கெய்ரோவில் காலரா பரவியபோது, அமெரிக்கக் கடற்படை மருத்துவர் பிலிப்ஸ், கிளிசரினுக்குப் பதிலாக மயில்துத்தக் கரைசலைப் பயன்படுத்தினார். 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, காலராக் கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை இறைக்கிறது என்று முயல்களைக் கொண்டு நிறுவினார். இன்றைய ஆய்வுக்கூடங்கள் யூரியாவோடு கிரியாட்டினின், பைகார்பனேட், லாக்டேட் ஆகியவற்றையும் அளந்து, சிறுநீரகத்தின் நிலையை முன்கூட்டியே மருத்துவருக்கு அறிவிக்கின்றன.

இரத்த தான முகாம் ஒன்றில், என் விரலில் எடுத்த துளியை ஊழியர் நீல நிறக் கரைசலில் விட்டார். அடர்த்தி 1053 என்று அமைக்கப்பட்ட மயில்துத்தக் கரைசல் அது. அமிழ்ந்தால் இரத்தம் கொடுக்கலாம். மிதந்தால் சோகை என்று திருப்பி அனுப்பிவிடுவர். என் துளி சற்றே தயங்கி, பிறகு அமிழ்ந்தது. இது எங்கிருந்து வந்த முறை என்று கேட்டேன். வரிசை நீளமாக இருக்கிறது, கட்டிலுக்குச் செல்லுங்கள் என்றார் அவர்.