அபிஷேகப் பாலும் குளுகோர் மாட்டுக் கொட்டகையும்

போன வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிஞ்சு, மடப்பள்ளிப் பக்கம் குப்பை கட்டிக்கிட்டு இருந்தோம். காலிப் பால் பெட்டி மட்டும் முப்பத்தெட்டு, எல்லாம் சூப்பர்மார்க்கெட்ல வாங்கினது. கூட இருந்த தம்பி ஒருத்தர், "அண்ணே, அந்தக் காலத்துல கோயிலுக்குப் பால் எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

நான் சின்னப் பையனா இருந்தப்போ ஜெலுத்தோங்ல பால் சைக்கிள்லதான் வரும். பாட்டி சொம்பைத் துலக்கி வாசல்ல வெச்சிருப்பாங்க. "இன்னிக்கு சாமிக்கு"ன்னு சொன்னா, பால்காரர் வேற கேன்லேர்ந்து ஊத்துவார். "இது தண்ணி படாத பாலும்மா." பாட்டி விட மாட்டாங்க, "அப்போ தினம் எங்களுக்கு ஊத்துறது?"ம்பாங்க. அவர் சிரிச்சுக்கிட்டே மணி அடிச்சிட்டுப் போயிடுவார்.

பினாங்குல மாடு வளர்த்தவங்க பெரும்பாலும் நம்ம தமிழர்களும் பஞ்சாபிகளும்தான். ராத்திரி காவல் வேலை, பகல்ல மாடுன்னு பிழைச்ச சீக்கியர்கள் நிறைய. 1978லேர்ந்து 1999 வரைக்கும் ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினரா இருந்த கர்ப்பால் சிங்கோட அப்பாவும் காவலாளியா இருந்து மாடும் மேய்ச்சவர்தான். டின் பாலும் இதே ஊர் வழியாத்தான் வந்துச்சு. நெஸ்லே கம்பெனி மலாயாவுல கால் வெச்சது 1912ல, பினாங்குல. அப்போ அதோட பேர் ஆங்கிலோ சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி. தேத்தண்ணிக்கு டின் பால் வந்த பிறகும், சாமிக்கும் பச்சைப் பிள்ளைக்கும் கறந்த பால்தான் வேணும்னு கேட்ட வீடுங்க இருந்துச்சு. மாட்டுக்காரங்க பிழைப்பு ஓடினதுல அவங்களுக்கும் பங்கு உண்டு.

இப்போ குளுகோர் கதைக்கு வரேன். நம்ம ஜெலுத்தோங்லேர்ந்து தெற்கே போனா அடுத்த இடம். டேவிட் பிரவுன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரருக்கு அங்க பெரிய வாசனைப் பயிர்த் தோட்டம் இருந்துச்சு. டத்தோ கிராமாட்ல நாம சாப்பிடப் போற பாடாங் பிரவுன் அவர் பேர்லதான் இருக்கு. அவர் 1825ல இறந்துட்டார். 1860 வாக்குல நோய் விழுந்து பினாங்கு ஜாதிக்காய் மரமெல்லாம் பட்டுப் போச்சு. மரம் போனாலும் தோட்டத்து ஜனங்க வழி வந்த தமிழ்க் குடும்பங்க அந்த மண்ணுலயே தங்கிட்டாங்க. அந்த இடம்தான் கம்போங் புவா பாலா. புவா பாலான்னா மலாய்ல ஜாதிக்காய்.

அங்க மாடும் ஆடும் சர்வ சாதாரணமா நடமாடும். அதனால ஊர்க்காரங்க வெச்ச செல்லப் பேர் "ஹை சாப்பரல்". 1967லேர்ந்து 1971 வரை ஓடின அமெரிக்க கௌபாய் டிவி தொடரோட பேர் அது.

மாடு வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், இது வீட்டுக்குள்ள பூட்டி வைக்கிற தொழில் இல்ல. விடியறதுக்கு முன்னாடி எழுந்து கன்னுக்குட்டியை முட்ட விட்டு, பால் இறங்கினதும் கறக்கணும். சாயங்காலம் மறுபடியும். நடுவுல புல்லு, தண்ணி, புண்ணாக்கு, சாணி அள்ளுறது. கொட்டகை வேணும், மேய்ச்சல் நிலம் வேணும். எல்லாத்துக்கும் மேல, காலடி மண் நம்மளதா இருக்கணும்.

அங்கதான் சிக்கல். மண்ணு அவங்க பேர்ல இல்ல. அரசாங்கம் வழியா நிலம் மாநில அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், வீடமைப்புத் திட்டம் வந்துச்சு. தலைமுறை தலைமுறையா இருக்கோம், எங்களுக்கு உரிமை இருக்குன்னு குடியிருந்தவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2009 ஆகஸ்ட்ல கூட்டரசு நீதிமன்றத்துலயும் அவங்களுக்குச் சாதகமா அமையல. செப்டம்பர்ல வீடுகளை இடிச்சாங்க. அப்போ நடந்த அரசியலை இங்க கிளற வேண்டாம், கமெண்ட்லயும் வேண்டாம். ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும்.

ஆனா ஒண்ணு மட்டும் என் மனசுல நிக்குது. மாற்று வீடா இரட்டை மாடி வரிசை வீடு தர்றதாப் பேச்சு நடந்துச்சு. நல்ல வீடுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா வரிசை வீட்டுல மாட்டை எங்கங்க கட்டுறது? குடும்பத்துக்கு ஒரு கூரை கிடைச்சாலும் தொழுவத்துக்கு இடம் கிடையாது. அந்த வருஷம் பேப்பர்லயும் டிவியிலயும் வீட்டைப் பத்திதான் பேச்சு, மாட்டைப் பத்திப் பேசினவங்க கொஞ்சம்.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு நம்ம கோயில் மண்டபத்துல பழைய பால்காரக் குடும்பங்களோட படங்களை வைக்கலாம்னு இருக்கோம். ஜெலுத்தோங், பேராக் ரோடு, குளுகோர் பக்கம் மாடு வெச்சிருந்த பெரியவங்க உங்க வீட்டுல இருந்தா, போட்டோ, பால் கேன், மாட்டு மணி எது இருந்தாலும் கொண்டு வாங்க, பத்திரமா திருப்பித் தந்துடுவோம். ஒண்ணுமே இல்லைன்னா மாட்டோட பேரையாவது கேட்டு எழுதி அனுப்புங்க. லெட்சுமி நிறைய வரும்னு தெரியும், பரவாயில்ல.

வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பால் கொண்டு வர்றவங்க சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கொடுத்துடுங்க. காலிப் பெட்டியைத் தட்டையா மடிச்சு வெச்சா எங்களுக்கு உதவியா இருக்கும்.