சமவெளியின் படி, மலையின் பசி: கள்ளக்குறிச்சி மாவட்டத்தை முன்வைத்து உணவுக் கொள்கை ஆய்வு குறித்த ஒரு வாதம்

பசியைப் போக்க எவ்வளவு தானியம் வேண்டும் என்று கேட்கும் ஆய்வு ஒருவகை. அந்தத் தானியம் யாருடைய உலைக்கு, எந்த உரிமையால் வந்து சேர்கிறது என்று கேட்கும் ஆய்வு மற்றொரு வகை. அமர்த்தியா சென் 1981இல் வறுமையையும் பஞ்சத்தையும் பற்றி எழுதிய நூலுக்குப் பின், இரண்டாம் கேள்வி உணவுப் பொருளியலின் மையத்துக்கு வந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அக்கேள்விக்கு இரு வேறு விடைகள் உண்டு. கிழக்கே உளுந்தூர்பேட்டைச் சமவெளிக்கு ஒன்று, மேற்கே கல்வராயன் மலைக்கு ஒன்று. ஒரே ஊரைத் தலைமுறை தோறும் திரும்பச் சென்று பார்த்த ஆய்வே சமவெளியின் பசியை நமக்குப் புரியவைத்தது. மலைக்கான உணவுக் கொள்கையும் அத்தகைய ஆய்விலிருந்தே பிறக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இருவேல்பட்டு தரும் சான்று

விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்கு வரும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த ஊர்களில் இதுவும் ஒன்று. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1930களிலும், எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் 1980களின் தொடக்கத்திலும், ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008இலும் இவ்வூரை மீண்டும் ஆராய்ந்தனர். முதல் ஆய்வில் நில உடைமையாளரிடம் கட்டுண்டு உழைக்கும் படியாள் முறையும் பெருநில உடைமையாளர்களின் பிடியும் ஊரின் இயல்பாகத் தெரிந்தன. கடைசி ஆய்வுக்குள் அந்தப் பிடி தளர்ந்திருந்தது. விவசாயத்துக்கு வெளியே கிடைத்த வேலையும் அரசின் நலத்திட்டங்களும் கூலிக்காரர்களின் பேரம் பேசும் வலுவைக் கூட்டியிருந்தன.

வட ஆற்காட்டிலும் மறு ஆய்வின் பயன் தெரிந்தது. பி.எச். ஃபார்மர் தலைமையில் 1973–74இல் நடந்த ஆய்வு, புதிய நெல் ரகங்கள் எதிர்பார்த்த அளவு பரவவில்லை என்றது. வாஷிங்டனில் 1975இல் நிறுவப்பட்ட பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பத்தாண்டுகளுக்குப் பின் அதே வட்டாரத்தை ஆராய்ந்தது. பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991இல் வெளியிட்ட முடிவின்படி, சிறு விவசாயிகளும் நிலமற்றவர்களும்கூடப் பலன் அடைந்திருந்தனர். ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருந்தால், அவநம்பிக்கையே கொள்கையாக நிலைத்திருக்கும்.

இவற்றோடு பொது விநியோகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்துக் குடும்பங்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு அனைவருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. விளைச்சல், கூலி, ரேஷன் ஆகிய மூன்றும் சேர்ந்தே சமவெளியில் வெறும் வயிற்றோடு படுக்கும் நிலையை மாற்றின.

மலையில் அதே அரிசி

ஸ்லேட்டர் வரிசையில் பேர்பெற்ற தமிழ் ஊர்கள் இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் ஆகிய ஐந்து. ஐந்துமே சமவெளி ஊர்கள். கல்வராயன் மலையோ 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு விதைத்து உண்டு வாழ்ந்த அந்தக் காட்டு நிலங்களில் மரவள்ளி பரவியது. கிழங்கு சேலம், ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அடுப்புக்கு ரேஷன் அரிசி வருகிறது. பணம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் கிழங்கின் விலையை நிர்ணயிப்பது ஸ்டார்ச் சந்தை. விலை சரியும் ஆண்டில், முன்பு குதிரில் இருந்த சாமையும் கைவசம் இருப்பதில்லை.

அரிசி வயிற்றை நிரப்புகிறது, உடலைத் தேற்றுகிறதா என்பது வேறு கேள்வி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அனைவருக்கும் அரிசி தரும் மாநிலத்தின் கணக்கு இது. மாவட்ட சராசரியில் மலையும் சமவெளியும் ஒன்றாகக் கரைந்துவிடுவதால், கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை ஊரின் குழந்தையுடைய தட்டு எப்படி இருக்கிறது என்பது அதில் தெரியாது. மலை நம் கவனத்துக்கு வருவதும் பெரும்பாலும் சாராய வழக்குகளின் வழியேதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகே, மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

மறுப்பும் விடையும்

மலைமக்களே அரிசியைத்தான் விரும்புகிறார்கள், சாமையைத் திணிப்பானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. சாமையை உமி நீக்கிக் குத்தி எடுப்பது பெண்களின் தோளில் விழும் வேலை. அரிசியை விரும்பியதில் அந்த வேலையிலிருந்து கிடைத்த ஓய்வுக்கும் பங்கு உண்டு. ஆனால் விருப்பம் என்று நாம் சொல்வது விலையும் வசதியும் ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்த களத்தில் உருவானது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் உண்டு; சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் இல்லை. ஊருக்குள் அரவை இயந்திரமும் உறுதியான கொள்முதலும் வந்த பிறகும் மக்கள் அரிசியையே எடுத்தால், அப்போது அதை விருப்பம் எனலாம்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. சத்தீஸ்கர் 2021இல் கோதோ, குட்கிக்கு மாநில விலை அறிவித்துக் கொள்முதல் செய்தது. கோதோ என்பது நம் வரகு, குட்கி என்பது நம் சாமை. தமிழ்நாடும் 2023இல் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது. பருப்புக்கும் இதே வழி தேவை. 2007இல் சிறப்புப் பொது விநியோகத்தில் சேர்ந்த உளுந்து பின்னர் பட்டியலிலிருந்து விடுபட்டது. உளுந்தூர்பேட்டை வட்டார விவசாயியின் உளுந்து கல்வராயன் மலையின் ரேஷன் கடைக்கும் பள்ளிக் காலை உணவுத் திட்டச் சமையலறைக்கும் போனால், ஒரே செலவில் கீழ்நாட்டு விவசாயிக்கு விலையும் மலைக் குழந்தைக்குப் புரதமும் கிடைக்கும்.

ஆனால் திட்டத்துக்கு முன் கணக்கு வேண்டும். கல்வராயன் மலையில் சில ஊர்களைத் தேர்ந்து, என்ன விளைந்தது, என்ன விற்றது, வீட்டில் யார் எதைச் சாப்பிட்டார் என்பதைப் பருவந்தோறும் பதிய வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குத் திரும்ப வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மாநிலத் திட்டக் குழுவும் இதைச் சேர்ந்து செய்ய முடியும். எத்தனை டன் அரிசி மலையேறியது என்பது மட்டுமே வெற்றிக்கு அளவாக இருக்கும்வரை, அங்கே குறைந்தது பசியா, பசியைப் பற்றிய நம் கணக்கா என்று யாராலும் சொல்ல இயலாது.