சித்ரதுர்கத்தில் ஓர் இரவு

பெங்களூரிலிருந்து புனேவுக்குக் காரில் செல்லும் அங்கத்தினர்கள் பலருக்கு, சுமார் 200 கிலோமீட்டரில் வரும் சித்ரதுர்கம் காபிக்கு நிற்கும் ஊர்தான். எங்களுக்கும் அப்படியே. ஒரு முறை இருட்டிவிட்டதால் தங்க நேர்ந்தது. காலையில் கோட்டை ஏறினோம்.

ஏழு சுற்று மதில்களுடைய இக்கோட்டையைப் பலப்படுத்தியவர்கள் நாயக்க வம்சத்தார். பாறைச் சரிவில் வழியும் மழைநீரை அடுக்கடுக்கான குளங்களில் தேக்கினார்கள். மேல்குளம் நிரம்பினால் உபரி நீர் கீழ்க்குளத்துக்குப் போகும். முற்றுகை நீடித்தாலும் தண்ணீர்க் கஷ்டம் இல்லை. பலமுறை முற்றுகையிட்ட ஹைதர் அலி 1779-ல்தான் கோட்டையைப் பிடித்தார். கடைசி அரசர் மதகரி நாயக்கர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்து மாண்டார்.

ஊரார் தவறாமல் காட்டுவது ஒரு பாறையிடுக்கு. காவற்காரன் சாப்பிட உட்கார்ந்த வேளையில் தண்ணீர் எடுக்கப் போன அவன் மனைவி ஓபவ்வா, அவ்வழியே நுழைந்த எதிரிச் சிப்பாய்களை ஒவ்வொருவராக உலக்கையால் அடித்து வீழ்த்தினாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. 'ஒனகே' என்றால் கன்னடத்தில் உலக்கை. 2021 முதல் நவம்பர் 11-ஐ ஒனகே ஓபவ்வா ஜயந்தியாகக் கர்நாடக அரசு கொண்டாடுகிறது.

அடுத்த பயணத்தில் குழந்தைகளோடு ஓர் இரவு தங்குங்கள். அந்த இடுக்கில் குனிந்து நுழைந்து பார்த்தால், சரித்திரம் அவர்களுக்கு மறக்காது.