நொந்த ஈரலும் இராச் சாப்பாடும்



குடியினால் ஈரல் கெட்டுப்போனவருக்கு வீட்டில் என்ன கொடுப்போம்? "முட்டை ஆகாது, மீன் ஆகாது, கஞ்சி மட்டும் போதும்" என்று பத்தியம் வைப்போம். அன்பினால்தான் வைக்கிறோம். ஆனால் இந்தப் பத்தியத்தில் வைத்தியர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அதே ஆண்டில் நியூயார்க்கில் ஆர்தர் பாட்டெக், ஜோசப் போஸ்ட் என்னும் இரு டாக்டர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஈரல் இறுகி, வயிற்றில் நீர் கோத்துவிட்டால் பிழைப்பது அரிது என்றிருந்த காலம் அது. இவர்கள் அப்படிப்பட்டவர்களுக்குச் சத்துள்ள உணவை வயிறாரக் கொடுத்து, பி வைட்டமின்களும் சேர்த்தார்கள். பலர் தேறினார்கள். பத்தாண்டுகளில் கவனித்த 124 பேரின் விவரம் 1948இல் வெளிவந்தது.

உடனே ஒரு பேச்சு கிளம்பியது. கெடுதல் பட்டினியால்தான், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று. நம் தோட்டங்களிலும் கேட்ட பேச்சுத்தான் இது! சார்லஸ் லீபர் என்ற அறிஞர் பபூன் குரங்குகளுக்குச் சத்துணவோடு மதுவையும் கொடுத்துப் பார்த்தார். சத்துணவு உண்டும் சில குரங்குகளின் ஈரல் இறுகிப்போனதை 1974இல் அறிவித்தார். உணவு மருந்துதான்; ஆனால் குடியை நிறுத்தினால்தான் அது வேலை செய்யும். பல காலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும்.

இதற்கிடையில், 1950களில், வேறொரு திருப்பம் நேர்ந்தது. ஈரல் நோய் முற்றியவர்களில் சிலருக்குப் புரத உணவு தின்றபின் புத்தி தடுமாறுவதை டாக்டர்கள் கண்டார்கள். அதனால் முட்டை, மீன், இறைச்சியை வெகுவாகக் குறைத்தார்கள். இது பல பத்தாண்டுகள் நீடித்தது. நோயாளியின் கை கால் சதைதான் கரைந்தது. 2004இல் பார்சிலோனா டாக்டர்கள், புத்தி தடுமாறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான அளவு புரதமும், மற்றவர்களுக்குக் குறைத்தும் கொடுத்தார்கள். குறைத்ததால் தெளிவு சீக்கிரம் வரவில்லை. உடம்பின் புரதந்தான் கூடுதலாக அழிந்தது. இப்போது உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. பருப்பு, மீன், தவ்வு எல்லாம் உதவும். வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பு ஆகாது. கருவாட்டை மட்டும் மறந்துவிட வேண்டும்.

இன்னொன்று. நல்ல ஈரல் சர்க்கரைச் சத்தைச் சேமித்து வைத்து இரவெல்லாம் உடம்புக்குக் கொடுக்கும். நொந்த ஈரலிடம் அந்தச் சேமிப்பு இல்லை. நமக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி எப்படியோ, அவருக்கு ஓர் இரவு அப்படி. விடியுமுன் வெறும் வயிற்றோடு பெரட்டுக்குப் போன பால்மரத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள்.

2008இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரே சத்துப் பானத்தைச் சிலருக்குப் பகலிலும், சிலருக்குப் படுக்கப் போகும்போதும் ஓராண்டு கொடுத்திருந்தார்கள். இரவில் குடித்தவர்களுக்கு மட்டும் சுமார் 2 கிலோ சதை கூடியது. நம் அடுப்படியில் அது, படுக்குமுன் ஒரு கோப்பைப் பாலும் இரண்டு துண்டு ரொட்டியும்.