மூன்று நிமிடத்துக்கு ஒரு யூனிட்

இப்போது வீட்டுக்கு நெட் கனெக்ஷன் என்றால் ஃபைபர்காரர் வருகிறார், சுவரில் ஒரு துளை போடுகிறார், போய்விடுகிறார். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. 1999, 2000 வாக்கில் மும்பையிலோ டில்லியிலோ குடியிருந்த நம்மவர்களுக்கு அது ஒரு மாத ஆராய்ச்சி. ஆபீஸில் நாலு பேரைக் கேட்க வேண்டும், பக்கத்து ஃப்ளாட்காரரின் டெலிபோன் பில்லை எட்டிப் பார்க்க வேண்டும், பிறகு வீட்டில் அனுமதி வாங்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. கொடுத்தது வி.எஸ்.என்.எல்., அதாவது வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளைக் கையில் வைத்திருந்த அரசு நிறுவனம். அதற்கு முன்பும் எர்நெட் வழியாக ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் மெயில் இருந்தது. ஆனால் மளிகைக்கடை பாக்கி வைக்கும் சாமானியனுக்கு இல்லை. முதல் செல்ஃபோன் அழைப்பை ஜோதி பாசு பேசியது அதே வருடம் ஜூலை 31. இரண்டு வார இடைவெளியில் இரண்டு யுகங்கள் தொடங்கியிருக்கின்றன, நம்மில் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை!

ஆரம்பத்தில் இரண்டு வகைக் கணக்குகள். ஒன்று ஷெல் கணக்கு: கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும். பைன் என்ற நிரலில் மெயில், லிங்க்ஸில் வலைப்பக்கம், படம் கிடையாது. இன்னொன்று டி.சி.பி./ஐ.பி. கணக்கு. இதில்தான் படம் தெரியும். தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். மணிக்கு அறுபது ரூபாய் ஆகிறது, டெலிபோன் கட்டணம் தனி. வேகம் 9.6 கே.பி.பி.எஸ்.! அந்தப் பணத்தில் ஊரில் ஒரு கல்யாணத்துக்கே போய்வரலாம் என்பார்கள் பெரியவர்கள். தப்பில்லை. மும்பைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆரம்பகாலப் பயனர் நடிகர் ஷம்மி கபூர். இணையப் பயனர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கியவர். அவருக்குக் கட்டுப்படியாயிற்று.

வி.எஸ்.என்.எல்.லைத் திட்டுவது அந்நாளைய தேசியப் பொழுதுபோக்கு. டயல் செய்தால் எங்கேஜ்டு, கிடைத்தால் பாதியில் கட். ஆனாலும் என் அபிப்பிராயம், வேறு யாரும் செய்யத் துணியாத நேரத்தில் அவர்கள்தான் கதவைத் திறந்தார்கள். கதவு குறுகலாக இருந்தது, அவ்வளவே.

1998 நவம்பரில் மத்திய அரசு தனியாருக்கு அனுமதி கொடுத்தது. அதன் பிறகுதான் ‘எதை எடுப்பது?’ என்ற கேள்வியே பிறந்தது. சென்னையிலிருந்து சத்யம் இன்ஃபோவே (பின்னாளில் சிஃபி), பார்தியின் மந்த்ரா, மும்பை-டில்லியில் எம்.டி.என்.எல்., மற்ற ஊர்களில் பிறகு பி.எஸ்.என்.எல்.லின் சஞ்சார்நெட் என்று வரிசையாக வந்தார்கள். சத்யம் இன்ஃபோவே 1999 அக்டோபரில் நாஸ்டாக் வரை போனது. 25 மணி, 50 மணி, 100 மணி என்று டப்பாவில் சிடியோடு கடையில் தொங்கவிட்டு விற்றார்கள், ஏதோ பிஸ்கட் பாக்கெட் மாதிரி. விளம்பரத்தைத் திரையில் காட்டிக்கொண்டு இலவச இணைப்பு தருகிறேன் என்று கல்கத்தாவிலிருந்து கால்டைகர்கூட வந்தது.

இங்கேதான் சூட்சுமம். மணிக்கணக்கு விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முக்கியமானதை விட்டுவிட்டார்கள். செலவு இணையத்தில் இல்லை, டெலிபோனில் இருந்தது. உள்ளூர் அழைப்பு மூன்று நிமிடத்துக்கு ஒரு யூனிட். மணிக்கு இருபது யூனிட். ஒரு யூனிட் ஒரு ரூபாய் சொச்சம் என்றால் மணிக்கு இருபதிலிருந்து இருபத்துநாலு ரூபாய் வரை. பாக்கெட் இலவசமாகவே கிடைத்தாலும் இந்த மீட்டர் நிற்காது. 56 கே மோடத்தில் விநாடிக்கு நாலு கிலோபைட் வந்தால் நல்ல நாள். நாலு எம்.பி. எம்.பி.3 பாட்டு ஒன்றை இறக்கப் பதினேழு நிமிடம், ஆறு யூனிட். நடுவில் அறுந்தால் முதலிலிருந்து! இலவச நிறுவனங்கள் நீடிக்காததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பிற்பாடு 172-இல் தொடங்கும் தனி எண்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தார்கள். அதற்குள் பல வீடுகளில் இரண்டு மாத பில் வந்து மோடம் பரணுக்குப் போயிருந்தது.

எனவே விவரமானவர்கள் மெயிலை ஆஃப்லைனில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் டயல் செய்து, அனுப்பி, வந்ததை இறக்கி, துண்டித்துவிட்டு, நிதானமாகப் படிப்பார்கள். மூன்று நிமிடத்துக்குள் முடிந்தால் வெற்றி. இதற்கு பி.ஓ.பி. மெயில் தரும் நிறுவனமாகப் பார்த்து எடுக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்ததும் அந்த ஒரு காரணத்துக்காகத்தான். பெயர் வேண்டாம். அவர்களுடைய 100 மணி பாக்கெட்டில் அறுபது மணிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே கெடு முடிந்துவிட்டது என்று வழித்து எடுத்துக்கொண்டார்கள். கஸ்டமர் கேருக்கு டயல் செய்தால் அதற்கும் யூனிட்.

பணத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு, வெளியூரில் இருந்த நமக்குத்தான் அது தெரியும். நெட்டில் இருந்தால் போன் எங்கேஜ்டு. அப்போது எஸ்.டி.டி. இரவு பதினொரு மணிக்கு மேல் கால்வாசிக் கட்டணம். ஊரில் அப்பா அம்மா தூக்கத்தை அடக்கிக்கொண்டு காத்திருந்து பூத்துக்குப் போய்க் கூப்பிடுவது அந்த நேரத்தில்தான். லைன் காலியாக இருந்து நெட் சட்டென்று கிடைப்பதும் அதே நேரத்தில்தான்! வரிசையில் நின்று நாலு தடவை போட்டுப் பார்த்து, “என்னமோ ஏதோ, போனை எடுக்கவே மாட்டேங்கறான்” என்று கலங்கிப்போய்த் திரும்பிய பெற்றோர் எத்தனையோ பேர். சில வீடுகளில் ஞாயிறு, புதன் இரவு நெட் கிடையாது என்று சட்டமே போட்டார்கள். வசதியுள்ளவர்கள் இரண்டாவது லைனுக்கு எழுதிப்போட்டார்கள்.

மோடம் வாங்குவது தனி அத்தியாயம். 56 கே என்பதிலேயே எக்ஸ்2, கே56ஃப்ளெக்ஸ் என்று இரு கட்சிகள் இருந்தன. 1998-இல் வி.90 என்ற பொதுத் தரம் வந்துதான் சண்டை ஓய்ந்தது. அதுவும் இறக்கத்துக்கு மட்டும். ஏற்றம் 33.6-தான். எக்ஸ்சேஞ்ச் டிஜிட்டலாக இருந்தால் போதாது, கட்டடத்துக்குள் இருக்கும் ஒயரும் ஒழுங்காக இருக்க வேண்டும். பழைய சால்களில், சொசைட்டிகளில் மழைக்காலத்தில் அந்த ஒயர் ஈரம் குடித்தால் 28.8 கிடைப்பதே பெரிது. ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று பேரலல் போன் வைத்திருந்தால், யாராவது ரிசீவரை எடுத்த கணமே நம் இணைப்பு காலி.

இன்னொரு ஆபத்து டயலர். ஏதோ ஒரு பக்கத்தில் ‘சரி’ என்று அமுக்கினால், சத்தமில்லாமல் ஒரு நிரல் இறங்கி, உள்ளூர் எண்ணுக்குப் பதில் ஏதோ ஒரு தீவு நாட்டுக்கு ஐ.எஸ்.டி. போடும். பில் வந்த அன்றுதான் தெரியும். எஸ்.டி.டி. பூட்டு எண் என்ற ஒன்றின் அருமை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இவ்வளவு பாடும் எதற்காக? வெளிநாட்டுப் பிள்ளைகளின் மெயிலுக்காக ஒரு கூட்டம். ஊர்ச் செய்தியை அன்றன்றே தமிழில் படிக்க இன்னொரு கூட்டம். அதற்கும் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு இறக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி டாம், டாப் என்று தரம் வகுத்தும் ஒற்றுமை வந்துவிடவில்லை. யூனிகோடு வரும்வரை கட்டம் கட்டமாகத்தான் தமிழ் வளர்ந்தது :-) 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசிக்கும் அனுமதி கிடைத்தது. அதில் ஒரு வேடிக்கை, கணினியிலிருந்து அமெரிக்காவில் உள்ள போனுக்குப் பேசலாம், அம்பாசமுத்திரத்தில் உள்ள போனுக்குப் பேசக் கூடாது.

கேபிள்காரர்கள் மொட்டைமாடி வழியே இழுத்த ஒயர் சிலருக்கு விடுதலை தந்தது, மின்சாரம் போனால் அதுவும் போகும். 2004 அக்டோபரில் அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டு, 256 கே.பி.பி.எஸ்.ஸுக்குக் குறையாமல் எப்போதும் இணைந்திருப்பதே பிராட்பேண்ட் என்று சொன்னது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன்னும் எம்.டி.என்.எல். ட்ரைபேண்டும் வந்தன. டெலிபோன் ஒயர் அதேதான், நடுவில் ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்ன டப்பா மட்டும் கூடுதல். நெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது, எடுத்துப் பேச முடிந்தது. ஆனால் கணக்கு எம்.பி.க்கு மாறிவிட்டது. நிமிடத்துக்குப் பழகிய வீடுகளில் மறுபடி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தார்கள்.