கதவு திறப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பூட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. கடை வைத்திருப்பவர்களும், ரியூட்டரி நடத்துபவர்களும், பிள்ளைகளை அங்கே அனுப்புகிறவர்களும் நேரமெடுத்து வாசியுங்கள்.

போன மாதம் நெல்லியடியில் புதிதாகக் கட்டிய ஒரு மாடிக் கட்டடத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு, விரலை வைத்தால் திறக்கும் பூட்டு, மூலைக்கு மூலை கமரா, கூரையில் புகையைக் கண்டால் சத்தம் போடும் கருவி. எல்லாம் புதுசு. நான் நிற்கும்போதே கறண்ட் போய்விட்டது. கதவை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

உரிமையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார், "கறண்ட் போனாலும் கதவு திறவாது சேர். உள்ளுக்கு பற்றறி இருக்கு."

"நெருப்புப் பிடிச்சா?"

"அதுக்குத்தான் மேல சைரன் இருக்கே சேர்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிறையச் செலவழித்து, நல்லதென்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். ஆனால் அந்தச் சைரனுக்கும் அந்தப் பூட்டுக்கும் இடையில் ஒரு வயர்கூட இல்லை. சைரன் கத்தும், கதவு பூட்டியபடியே இருக்கும். அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்தப் பூட்டின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை 1903 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தொடங்குகிறது. இரோகுவா என்ற புத்தம் புதிய நாடக அரங்கு, நெருப்பே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. டிசம்பர் 30 அன்று பகல் காட்சி. விடுமுறைக் காலமாதலால் தாய்மாரும் பிள்ளைகளுமே அதிகம். மேடையில் பிடித்த நெருப்பு அரங்குக்குள் பரவியபோது பல கதவுகள் பூட்டியிருந்தன, சிலவற்றின் தாழ்ப்பாளை எப்படித் திறப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. மலிவான இருக்கைக்காரர் நல்ல இருக்கைகளுக்கு இறங்கி வந்துவிடாமல் படிக்கட்டில் இரும்புக் கேற்றும் போட்டிருந்தார்கள். 602 பேர் இறந்தார்கள்.

அந்தக் காட்சிக்குப் போகவிருந்து, போக முடியாமற்போன ஒருவர் கார்ல் பிரின்ஸ்லர். இன்டியானாபொலிஸ் நகரில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் ஒரு கம்பனியில் வேலை பார்த்தவர். அவரும் ஹென்றி டூபொன்ட் என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்து ஒரு பூட்டைக் கொண்டுவந்தார்கள். கதவின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புத் தண்டு. வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளேயிருந்து யார் உடம்பால் தள்ளினாலும் திறந்துவிடும். 1908 இல் அது விற்பனைக்கு வந்தது. கள்ளனையும் நெருப்பையும் ஒன்றாக யோசித்துச் செய்த பூட்டு அது.

ஆனால் உலகம் உடனே கேட்கவில்லை. 1911 மார்ச் 25, நியூயோர்க். ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை ஒரு கட்டடத்தின் 8, 9, 10 ஆம் மாடிகளில் இருந்தது. தைத்தவர்களில் பெரும்பாலானோர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்த இளம் பெண்கள். துணியைக் களவெடுத்துவிடுவார்கள் என்று எல்லோரையும் ஒரே வாசலால் விட்டுப் பையைச் சோதிப்பார்கள். ஒன்பதாம் மாடியின் மற்றக் கதவு பூட்டியிருந்தது. நெருப்பு எட்டாம் மாடியில் பிடித்தது. அங்கிருந்து பத்தாம் மாடிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். ஒன்பதாம் மாடிக்குச் சொல்ல வழியிருக்கவில்லை. கீழே தெரிந்தது, மேலே தெரிந்தது, நடுவில் இருந்தவர்களுக்கு நெருப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. 146 பேர் இறந்தார்கள். கதவு பூட்டியிருந்தது முதலாளிமாருக்குத் தெரியும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அவர்கள் விடுதலையானார்கள்.

இனி நம்மூர்க் கண்ணாடிக் கதவுக்கு வருவோம். கதவின் மேலே இருக்கும் நீளமான பெட்டிதான் காந்தப் பூட்டு. நிலையில் மின்காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு. மின்சாரம் ஓடும்வரை இரண்டும் ஒட்டியிருக்கும். கடைகளுக்குப் பூட்டும் சாதாரண வகையே 280 கிலோ இழுவையைத் தாங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் சுலபத்தில் அசையாது.

இந்தப் பூட்டை 1969 இல் கனடாவின் மொன்றியல் போரம் விளையாட்டரங்குக்காக வடிவமைத்தவர் சாபிர்ஸ்டீன் என்பவர். ஏன் தெரியுமா? அரங்கின் கதவுகளைப் பூட்டினால் நெருப்புப் பிடிக்கும்போது சனம் எப்படி வெளியே வரும் என்று அதிகாரிகள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் இது. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாக் கதவும் ஒரேயடியாக விடுபடும். சாவி தேட வேண்டாம், காவலாளி ஓட வேண்டாம். கறண்ட் போனால் திறக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பூட்டின் உயிர்.

அந்த உயிரைத்தான் நாங்கள் பற்றறி போட்டு நிறுத்தியிருக்கிறோம். காரணமும் விளங்குகிறது. யுத்த காலத்தில் வருடக்கணக்காகக் கறண்டே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஊர் இது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. கறண்ட் போகும் நேரமெல்லாம் கடை திறந்து கிடக்குமென்றால் யார்தான் விடுவார்கள்? பற்றறி போடுவது பிழையில்லை. ஆனால் பற்றறி போட்ட அன்றே, நெருப்பு வந்தால் அந்தப் பற்றறியையும் துண்டிக்க ஒரு வழி வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது வேலைதான் விட்டுப்போகிறது.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்காதீர்கள். 2012 செப்ரெம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அது கப்பம் கொடுக்காததற்காக வைத்த தீ என்று 2020 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீ வைத்தவன் குற்றவாளி. ஆனால் கதவுகள் பூட்டியிருந்ததும், யன்னல்களில் கம்பி அடித்திருந்ததும்தான் உள்ளே இருந்தவர்களை வெளியே வர விடவில்லை. 2019 மே 24 அன்று குஜராத்தின் சூரத்தில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்த ரியூசன் வகுப்பில் 22 மாணவர்கள் போனார்கள். படிக்கட்டு வழி அடைபட்டதால் பிள்ளைகள் யன்னலால் குதித்த காட்சியை நம்மில் பலர் கைபேசியில் பார்த்தோம். 2024 ஜூலையில் டெல்லியில் ஒரு பயிற்சி நிலையத்தின் நிலக்கீழ் நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். கைரேகைக் கதவு தண்ணீரில் செயலிழந்துவிட்டது என்று அப்போது செய்திகள் வந்தன.

எனக்கு இது கொஞ்சம் கிட்டவான விசயமும்கூட. 1990 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட பிறகு, வாப்பா சில வருடம் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்தார். இரவில் படுப்பதும் கடைக்குள்ளேதான். முதலாளி வெளியே ஷட்டரைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாராம். "கள்ளன் வரமாட்டான் என்று நிம்மதியாகப் படுத்தோம், வேறொன்றும் யோசிக்கவில்லை" என்பார் வாப்பா.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பாடசாலைகளிலும் ஒரே கேற்றால் விட்டுப் பையைச் சோதித்தோம். அந்த நாட்களின் பயத்தை, என்னைப் போன்றவர்கள் இரண்டு பக்கத்தாலும் அறிவோம். பயம் வரும்போது மனிதன் முதலில் செய்வது வாசல்களைக் குறைப்பது. தமிழில் கள்ளனுக்கும் 'பாதுகாப்பு' என்கிறோம், நெருப்புக்கும் 'பாதுகாப்பு' என்கிறோம். ஒரே சொல் என்பதால் ஒன்றைச் செய்தால் மற்றதும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பெரிய நகரங்களில் கமரா, பூட்டு, தீ எச்சரிக்கை, லிப்ட், குளிரூட்டி எல்லாவற்றையும் ஒரே கணினியில் இணைக்கிறார்கள். வெவ்வேறு கம்பனிக் கருவிகள் தங்களுக்குள் பேசுவதற்கு 'பக்நெற்' என்ற பொது மொழியே 1995 இல் வெளியானது. புகை கண்டதும் குளிரூட்டி நிற்கும், லிப்ட் கீழே வரும், கதவுகள் விடுபடும். நெல்லியடிக் கடைக்கு அவ்வளவு தேவையில்லை. பூட்டுக்குப் போகும் வயரில், பற்றறிக்கும் பூட்டுக்கும் இடையில், தீ எச்சரிக்கைப் பெட்டியால் இயங்கும் ஒரு ரிலே போதும். சைரன் அடித்த கணமே மின்சாரம் அறும், கதவு விடும். அது கணினியையோ இன்ரர்நெற்றையோ நம்பியிருக்கக் கூடாது. கதவுக்குப் பக்கத்தில், உள்பக்கம், அழுத்தினால் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் பச்சைப் பெட்டி ஒன்றும் வேண்டும்.

பூட்டுகிறவரிடம் காசு கொடுக்குமுன் மூன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்:

1. சைரனை அடிக்க விட்டு, கதவு தானாக விடுகிறதா என்று பாருங்கள்.
2. மெயின் சுவிச்சை நிறுத்தி, பற்றறியில் ஓடும்போது அதையே திரும்பச் செய்யுங்கள்.
3. விரல் பதியாத ஒருவரை, ஒரு சின்னப் பிள்ளையை, உள்ளேயிருந்து தனியே வெளியே வரச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து தீயணைப்பு வாகனம் நெல்லியடிக்கு வர 25 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். முதல் சில நிமிடங்களுக்கு நமக்கு நாமேதான்.

இரவில் கதவைத் தாழிடவும், விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கவும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை மத்ரஸாவில் படித்தோம். கதவு கள்ளனுக்கு, விளக்கு நெருப்புக்கு. இரண்டையும் சேர்த்தே யோசிக்கச் சொன்ன அறிவுரை.

நேற்று அந்த உரிமையாளரைத் திரும்பவும் சந்தித்தேன். பூட்டியவரை வரச் சொல்லியிருக்கிறாராம். அல்ஹம்துலில்லாஹ். திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கப்போகிறேன்: "நீங்கள் போகும் ரியூட்டரியில் இரண்டாவது வாசல் எங்கே இருக்கிறது, அது பூட்டியிருக்கிறதா?" நீங்களும் இன்றிரவு வீட்டில் கேட்டுப் பாருங்கள்.