இரண்டு வார்டுகள்

அமெரிக்க நிறவெறி என்றதும் நமக்குப் பேருந்தும் பள்ளிக்கூடமுமே நினைவுக்கு வருகின்றன, மருத்துவமனை வருவதில்லை. 1946ஆம் ஆண்டின் ஹில்-பர்ட்டன் சட்டம், கறுப்பர்களைத் தனியே ஒதுக்கிய மருத்துவமனைகளுக்கும் கட்டட நிதி வழங்க இடமளித்தது. தனித்தனியாயினும் சமம் என்பது அதன் வாதம். சமம் ஏட்டோடு சரி.

1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதி செல்லாதென்றது. பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் பணம் இல்லை என்றது 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டம். அப்போதும் பல ஊர்களில் வார்டுகள் பிரிந்தே கிடந்தன.

1966 ஜூலை 1 அன்று முதியோருக்கான மெடிக்கேர் காப்பீடு தொடங்கியது. வார்டுகளை ஒன்றாக்காத மருத்துவமனைக்கு அதில் பங்கில்லை என்று நிபந்தனை. ஆய்வாளர்கள் நேரில் சென்று பார்த்தனர். அறவுரைக்கு அசையாத தடுப்புகள் சில மாதங்களில் அகன்றன. இதை மனமாற்றம் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. வருமானம் போய்விடும் என்ற அச்சமே பெரிதும் வேலை செய்தது. மருத்துவர்களின் சொந்தக் கிளினிக்குகளை அந்த நிபந்தனையிலிருந்து அரசே விலக்கிவைத்தது. அங்கே பல இடங்களில் காத்திருப்பு அறைகள் பின்னரும் இரண்டாகவே இருந்தன.